தலைச்சுமை அறிந்த வழி

பிலோமினாவை அவள் மகன் ஆவடிக்கு அழைத்துக்கொண்டு போகப் போகிறான் என்னும் செய்தி, இருசம்மாளின் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை சுற்றியிருந்த வேளையில் அவள் காதில் விழுந்தது.

சுகாதாரச் செவிலி மோகனப்பிரியா ரப்பர் உருண்டையை அமுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறவள். மாதம் ஒருமுறை நெட்டித்திட்டுக் குப்பத்துக்கு வந்து, வலை காயும் களத்தோரம் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்வாள்.

"காலைல லூர்துபுரம் முடிச்சிட்டு இங்க வரேம்மா. காக்கா பறந்தா ரெண்டு மைல்தான். நான் பொன்னேரி ரோட்டைச் சுத்தி முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டினு வரேன். இடுப்பே போச்சு. அங்க பிலோமினானு ஒரு அம்மா, காலெல்லாம் வீங்கினு கீறாங்க. பையன் பிராங்க்ளின் இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஆவடிக்கே இட்டுனு போறானாம். இனிமே அங்கதானாம்."

அளவு காட்டும் முள் ஒரு துள்ளுத் துள்ளியது.

"இன்னாம்மா இது, பேசினு இருக்கச் சொல்லவே ஏறுது? மாத்திரை போட்டீங்களா இல்லியா?"

"போட்டேன், போட்டேன். யாருன்னு சொன்னே?"

"பிலோமினா. தெரியுமா உங்களுக்கு?"

இருசம்மாள் பட்டையைத் தானே அவிழ்த்துச் செவிலியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

இருபத்தோர் ஆண்டுகள் அவ்விருவரும் சேர்ந்து மீன் விற்றவர்கள். விடியுமுன்னே பிலோமினா லூர்துபுரத்திலிருந்து நடந்து நெட்டித்திட்டுக்கு வருவாள். ஏலத்தில் இறாலும் மடவையும் எடுத்துக்கொண்டு, இருவரும் கூடைகளைத் தலையிலேற்றி, ஏரிக்கரைப் பொட்டலின் ஒற்றையடிப் பாதையில் லூர்துபுரத்துக்கு நடப்பார்கள். அங்கிருந்து வேனில் அனுப்பம்பட்டு நிலையம், பிறகு இரயில். பிற்பகலில் இருசம்மாள் மட்டும் வெறுங்கூடையோடு அதே பாதையில் வீடு திரும்புவாள். அந்த இரண்டு மைல் நடையில் பேசாத பேச்சில்லை. பிள்ளை பிறந்ததும், மாமியார் செத்ததும், புருஷன்மார் குடித்துவிட்டு விழுந்ததும் அங்கேதான் முதன்முதலில் சொல்லப்பட்டன. வீட்டிலுள்ளவர்களுக்கு அவையெல்லாம் இரண்டாவதாகத்தான் தெரியவரும்.

ஒன்பதாண்டுகளுக்கு முன்பு இரண்டு ஊருக்கும் பாடு தொடர்பாகத் தகராறு வந்தது. ஏரியில் எந்த நாளில் எந்த வீட்டுக்காரன் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய ஓரிடம் யாருடைய பாட்டில் சேரும் என்பதிலே வாய்ச்சண்டை மூண்டு, வலைகள் அறுக்கப்பட்டு, மண்டைகள் உடைந்தன. நெட்டித்திட்டு ஊர்க்கூட்டம் கூடி, இனி லூர்துபுரத்தோடு போக்குவரத்துக் கூடாது, வீட்டுக்கு ஒரு கட்டு முள் கொண்டுவந்து பாதையை அடைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. கட்டளையிட்ட பஞ்சாயத்தார் எழுவரில் இருசம்மாளின் கணவன் ரங்கனும் ஒருவன்.

மறுநாள் விடியற்காலையில் வீட்டுக்கு ஒருவராக வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டார்கள். ரங்கனுக்கு அன்று காய்ச்சல். ஆகவே அந்த வீட்டு முள்ளைக் கொண்டுபோனவள் இருசம்மாள். அவள் கட்டைக் கீழே போட்டு நிமிர்ந்தபோது முள்ளுக்கு அப்பால் பிலோமினா நின்றிருந்தாள். தகராறின் முழு விவரமும் அறியாமல், வழக்கம்போல ஏலத்துக்கு வந்தவள். வெறுங்கூடை இடுப்பில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருசம்மாளுக்குப் பின்னால் ஊரே நின்றது. அவள் வாய் திறக்கவில்லை. பிலோமினா கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பொன்னேரியில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானம் ஆகி இரண்டாண்டுகள் கழிந்துவிட்டன. ஏரியில் கழி நட்டு எல்லை குறித்தார்கள். இரண்டு ஊர் ஆண்களும் இப்போது ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். போட்ட முள்ளை எடுக்க வேண்டும் என்பது மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. முள்ளோடு வந்த காய்கள் விழுந்து முளைத்து, ஆடுகள் தின்று பரப்பி, ஒரு கட்டு முள்ளாக இருந்தது இரண்டு மைல் காடாயிற்று.

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே ரங்கன் கேட்டான்:

"இன்னாமே, மூஞ்சி தூக்கினு கீறே?"

அவள் சொன்னாள்.

"இதுக்கா? காலைல படகுல இட்டுனு போயி லூர்துபுரம் தொறையில எறக்கி வுட்றேன். பாத்துட்டு வா. அரைமணி நேர வேல."

"ஒன் படகுல நான் போயி அங்க எறங்கணுமா?"

"ஏன், என் படகுக்கு இன்னா?"

"முள்ளு போடச் சொன்னவன் படகுல எறங்கி, இன்னாடி சௌக்கியமானு கேக்கச் சொல்றியா?"

"அப்ப பஸ்ல போ."

"பஸ்ல போனா நான் விருந்தாளி. நாக்காலி போட்டு ஒக்கார வெச்சி, கலர் வாங்கியாந்து குடுப்பாங்க. அதுக்கு நான் போவாமலே கெடக்கலாம்."

அவள் அதற்குமேல் விளக்கவில்லை. அடைத்த கையால் திறந்துகொண்டு, அந்த வழியாகவே நடந்துபோய், பிலோமினாவின் வாசலில் நிற்க வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் நிற்க வேண்டும். இது அவளுக்குத் தெளிவாக இருந்தது. சொல்லிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றக்கூடும் என்று அஞ்சியே மனத்தோடு வைத்துக்கொண்டாள்.

ஆனால் மறுநாள் ஊர்த்தலைவர் சுப்பராயலுவின் வீட்டுக்குப் போய் நின்றாள். அவளுக்கு முன்பே மோகனப்பிரியா, பாதையைத் திறப்பது பற்றிப் பேச, மனுவின் நகலோடு மறுபடி வந்து அங்கே உட்கார்ந்திருந்தது நல்லதாயிற்று. பாதை ஊர்ப் பொதுப் பாதை, வரைபடத்திலும் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளுக்கு ஒருமணி நேரம் மிச்சமாகும் என்று செவிலி அடுக்கினாள். அரசாங்கம் வெட்டித் தருமா என்றார் சுப்பராயலு. மனுக் கொடுத்தாயிற்று, ஆனால் வருமட்டும் காத்திருந்தால் முள் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்றாள் அவள்.

"போட்டது நாமதானே நைனா, நாமளே எடுத்துட்டுப் போலாம்" என்றாள் இருசம்மாள்.

கிழவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நெட்டித்திட்டில் செவ்வாய்க்கிழமைகளில் எவரும் வலை இறக்குவதில்லை. அந்த மாதத்தின் மிச்சமிருந்த செவ்வாய்க்கிழமைகள் மூன்று. மூன்றிலும் வீட்டுக்கு ஓராள் அரிவாளோடு வரவேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து லூர்துபுரத்தார் வெட்டிக்கொண்டு வருவார்கள். நடுவில் சந்திப்பது என்று பேசி முடிவாயிற்று.

முதற் செவ்வாய்க்கிழமை ஏறத்தாழ அறுபது பேர் திரண்டார்கள். ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் கவைக்கோலால் முள்ளை இழுத்து ஓரங்கட்டினார்கள். எந்தத் திசையில் வெட்டுவது என்னும் கேள்வி எழுந்தபோது எல்லாரும் ரங்கனைப் பார்த்தார்கள். ஏரியில் நிலையறிந்து படகைச் செலுத்துவதில் அவனை மிஞ்சியவர் அந்தக் கரையில் இல்லை. அவன் ஒரு மேட்டில் ஏறி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு, தொலைவிலிருந்த ஒற்றைப் பனையையும் அதற்குப் பின்னால் தெரிந்த லூர்துபுரத்துக் கோயில் கோபுரத்துச் சிலுவையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான்.

"பனையும் குருசும் ஒண்ணா வருது பாரு, அதான் வழி. நேரா வெட்டினே போ. கண்ணை மூடினு போலாம்."

இருசம்மாள் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"யோவ், வழி நேராப் போவாதுய்யா. மேக்கால வளைஞ்சி போவும்."

"ஏரி பூரா சுத்தினவனுக்கு நீ வழி சொல்றியா?"

"இது ஏரி இல்லியே."

"வாய மூடினு முள்ளை இழு" என்றான் ரங்கன். சிலர் சிரித்தார்கள்.

எங்கே வளையும், எவ்வளவு வளையும் என்று கேட்டிருந்தால் அவளாலும் அப்போது சொல்லியிருக்க முடியாது. அடையாளமாக இருந்த விடத்தேரை மரத்தையும் இரண்டு ஈச்சமரங்களையும் காணவில்லை. எங்கு நோக்கினும் ஒரே உயரத்தில், ஒரே சாம்பற்பச்சையில் வேலிகாத்தான் நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டு முள்ளை இழுத்தாள். மாலைக்குள் அரைமைல் தூரம் நூல் பிடித்தாற்போல நேரான பாதை வெட்டப்பட்டிருந்தது. ரங்கன் இடுப்பில் கைவைத்து அதன் நெடுகிலும் பார்த்து மகிழ்ந்தான்.

அந்த ஒரு வாரம் அவள் நாட்களை எண்ணினாள். பிலோமினாவின் வாசலில் போய் நிற்கும்போது முதலில் எதைச் சொல்வது? நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பதா? கேட்டால், அவள் சிரிப்பாள், அல்லது சிரிக்கமாட்டாள். மீனின் விலையைச் சொல்லித் தொடங்கலாம். ஒன்பதாண்டாக ஒவ்வொரு நாள் ஏலத்திலும், இதைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று நினைத்த விலைகள் எத்தனையோ. வாடகை ஆட்டோவில் மற்றப் பெண்களோடு பொன்னேரிச் சந்தைக்குப் போகும்போதும் பேச்சு இருக்கத்தான் செய்தது. அது நெருக்கி உட்கார்ந்தவர்களின் பேச்சு. நடப்பவர்களின் பேச்சு வேறு.

இரண்டாம் செவ்வாய்க்கிழமை, உச்சிவெயிலுக்கு முன்னரே, முன்னணியில் வெட்டிக்கொண்டு போன சிவகுமார் ஓலமிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால், புதருக்கு அப்பால் தொடைமட்டும் கருஞ்சேற்றில் இறங்கி நின்றான். மேலே உப்புப் பூத்துத் தரைபோலத் தெரிந்தது, உள்ளே கூழ். இருவர் கழி நீட்டி அவனை இழுத்தார்கள். ஒரு செருப்புச் சேற்றிலேயே தங்கிவிட்டது.

"இன்னா ரங்கண்ணே, வழி காட்றேன்னு சமாதி கட்டப் பாத்தியே!" என்று சிவகுமார் கத்தினான்.

ரங்கன் மறுபடியும் பனையைப் பார்த்தான், சிலுவையைப் பார்த்தான். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அவ்வேளையில் தொலைவில் லூர்துபுரத்தார் வெட்டும் ஓசை காற்றில் வந்தது. அது எதிரிலிருந்து வரவில்லை. மேற்கே வெகுதூரம் தள்ளி வந்தது.

"அவனுங்கதான் தப்பா வெட்றானுங்க" என்றான் ரங்கன்.

அவ்வளவுதான். சேறு அப்பிய காலோடு நின்ற சிவகுமார் உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுப்பராயலு மட்டும் சிரிக்காமல் கைத்தடியால் சேற்றைக் குத்திப் பார்த்தார்.

"படகுக்கு இன்னா, தண்ணி எங்க கீதோ அங்க போவும். காலுக்குத் தரை வேணுமேடா. இந்த வழியா நடந்தவன் எவனாச்சும் கீறானா இங்க?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏரியின் ஒவ்வொரு குழியையும் பெயர் சொல்லி அழைக்கும் அவர்களில் ஒருவனும் அந்தப் பாதையில் பத்துத் தடவைக்குமேல் நடந்ததில்லை. அவர்களுக்கு வேண்டியபோதெல்லாம் படகிருந்தது. நடந்தவர்கள் பெண்கள், அதுவும் மீன்கூடை சுமந்தவர்கள். இருசம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"ஒரு வாரமா இதைக் கேப்பீங்கன்னு பாத்தோம் பெரிப்பா."

இருசம்மாள் முன்னே வந்தாள். இத்தனை கண்கள் தன்மேல் பதிந்திருக்க, ஊர்முனையிலிருந்து, முட்களுக்கிடையே கிடைத்த சந்துகளில் நடந்து பார்த்தாள். நூறடி போனாள், நின்றாள். வேறுபக்கம் இருபதடி போனாள், மறுபடி நின்றாள். காலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருபத்தோராண்டு நடந்த வழி தன்னைவிட்டுப் போய்விட்டதே என்று குனிந்து தரையைப் பார்த்தாள். இன்னும் பன்னிரண்டு நாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மே, வெயில் ஏறுது" என்றான் ரங்கன். சிவகுமார் சிரிப்பின் சூடு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் திரும்பிச் செவ்வந்தியிடம், "கூடை ஒண்ணு எடுத்தா. சும்மாட்டுக்குத் துணியும் கொண்டா" என்றாள்.

கூடை வந்தது. அதில் ஏரிக்கரை ஈரமணலை அள்ளிப் போடச் சொன்னாள். பாதிக்குமேல் நிரம்பியதும் இரண்டு பெண்கள் பிடித்துத் தூக்கி அவள் தலைமேல் வைத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுக் கழுத்து ஒருகணம் நடுங்கி, பிறகு தன் பழைய இடத்தில் நிலைத்தது.

"இன்னாமே, மண்ணு விக்கப் போறியா?" என்று ரங்கன் கேட்டான்.

"தலையில பாரம் இல்லாம அந்த வழியா நான் போனதே இல்லய்யா. திரும்பி வர்ச்சொல்ல வெறுங்கூடை. அப்ப வழி எங்க போனாலும் போலாம். போவச்சொல்லதான் கால் பாத்து வெக்கும்."

தலையில் இருபது கிலோ இருக்கும்போது குனிந்து பார்த்து நடக்க இயலாது. அடியெடுத்து வைத்த கால் அழுந்துமானால் பாரம் முழுதும் அந்தப் பக்கம் சாயும்; ஆகையால் கால் தானாகவே கெட்டியான தரையைத் தேடிப் போகும். அவள் கண்களை நேரே வைத்துக்கொண்டு நடந்தாள். பத்தடி, இருபதடி. இடக்கால் சற்றே அழுந்தியது. உடல் தானாக வலப்புறம், மேற்கே, ஒதுங்கிக்கொண்டது. அங்கே பாதத்தின் கீழே ஒரு மெல்லிய நொறுங்கல் கேட்டது. கிளிஞ்சல்! என்றோ ஏரி ஒதுக்கிவிட்டுப் போன கிளிஞ்சல் மேடு ஒன்று மண்ணுக்குக் கீழே பாம்புபோல நெளிந்து கிடந்தது. பாதை அதன் முதுகின்மேல் போயிருந்தது. பிலோமினா அதை அப்பளம் என்பாள். அப்பளத்தை வுட்டு எறங்காதடி, எறங்குனா சாம்பார்தான் என்பாள். இருசம்மாள் சிரித்துவிட்டாள். கூடையிலிருந்து ஈரமணல் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது.

"என் பின்னாலியே வா செவ்வந்தி. கால் வெச்ச எடத்துல அடையாளம் கட்டினே வா."

செவ்வந்தி கிழிந்த நீல நைலான் வலையைத் துண்டு துண்டாக அறுத்துப் புதர்களில் கட்டிக்கொண்டே வந்தாள். நுழைய முடியாத இடங்களில் சிவகுமாரும் மற்றவர்களும் முன்னே வெட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் காலால் ஆராய்ந்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னாள். ரங்கன் வெகுநேரம் வராமலிருந்து, பிற்பகலில் வந்து, ஒரு பெரிய மரத்தின் தூரை வெட்டத் தொடங்கினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்கப் பெண்களுக்குப் பொறுமையில்லை. ஏலம் முடிந்து சந்தைக்குப் போகாதவர்கள் தினமும் காலையில் ஏழெட்டுப் பேராவது வந்தார்கள். இருசம்மாள் ஒரு நாளும் தவறவில்லை. முள் கிழித்துக் கைகளில் கோடுகள் விழுந்தன. கழுத்து வலிக்கு இரவில் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் செவ்வாய்க்கிழமை முற்பகலில், இரண்டு புதர்களுக்கு அப்பால் மனிதர் முகங்கள் தெரிந்தன. லூர்துபுரத்து இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வந்த ராபர்ட் என்பவன் கடைசி முள்ளை வெட்டி இழுத்து எறிந்துவிட்டு, "வாங்கண்ணே வாங்க, ஒன்பது வருசம் லேட்டு!" என்று கூவினான். சுப்பராயலு அவனைத் தழுவிக்கொண்டார். டீ வந்தது. யார் அதிக தூரம் வெட்டினார்கள் என்று உடனே வாக்குவாதம் தொடங்கியது.

இருசம்மாள் டீக்கு நிற்கவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, புடைவையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கி எறிந்துகொண்டே நடந்தாள். லூர்துபுரத்தில் வீடுகள் கூடியிருந்தன. ஓடுகள் போய்த் தளம் போட்டிருந்தார்கள். ஆயினும் தெருவும் திருப்பமும் மாறவில்லை. மூன்றாம் வீடு. நீலக்கதவு இப்போது பச்சையாக இருந்தது. அதில் பூட்டுத் தொங்கியது.

அவள் பூட்டைப் பார்த்தபடி நின்றாள். குளிக்கப் போயிருப்பாள், மருந்து வாங்கப் போயிருப்பாள். வீங்கிய காலோடு எங்கே போவாள்?

அடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண் ஈரக்கையோடு வெளியே வந்தாள். "யாரம்மா வேணும்?"

"பிலோமினா."

"அவுங்க ஆவடிக்குப் போயிட்டாங்களே. பிராங்க்ளினுக்கு முன்னாடியே லீவு கிடைச்சிடுச்சு. போன ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை. ஒன்பது நாள் ஆச்சு."

ஒன்பது நாள். அப்படியானால் தலையில் மணல்கூடை ஏறிய அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் இங்கே இல்லை. அவள் இல்லாத ஊரை நோக்கித்தான் இத்தனை நாளும் வெட்டிக்கொண்டு வந்தாயிற்று. வெட்டுகிற எவருக்கும் அவள் போனது சொல்லவேண்டிய செய்தியாகத் தோன்றியிருக்கவில்லை.

அந்தப் பெண் அவள் கைகளைப் பார்த்தாள். கிழிசல்களைப் பார்த்தாள்.

"நெட்டித்திட்டா நீங்க? இருங்க, இருங்க. நான் ரோஸ்மேரி. உள்ள வாங்க."

"வேணாம்மா. போறேன்."

"அப்படியெல்லாம் போவக்கூடாது. எனக்குச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. மொதச் செவ்வாக்கெழம உங்க பக்கத்துலேர்ந்து வெட்டுற சத்தம் கேட்டதும், குச்சிய ஊனினு தெருமுனைக்குப் போயி ஒக்காந்துட்டாங்க. கூப்ட்டா வரல. 'தப்பா வெட்றானுங்க பாரு, கெழக்கால போறானுங்க, ஆம்பளைங்க வெட்றானுங்க'னு ஒரே சிரிப்பு. ஊருக்குக் கெளம்பச்சொல்ல எங்கிட்ட, 'ரோசு, முள்ளு போட்டவளே எடுத்துனு வருவா. வந்தா சோறு போடாம அனுப்பாத'ன்னாங்க."

"பேரு சொன்னாளா?"

ரோஸ்மேரி தயங்கினாள். "பேரு சொல்லி நான் கேட்டதில்லம்மா. எப்பவுமே 'முள்ளு போட்டவ'ன்னுதான் சொல்வாங்க."

இருசம்மாள் தலையசைத்தாள். உள்ளே போனாள். நெத்திலிக் குழம்பும் சோறும் வைத்தாள் ரோஸ்மேரி. ஒரு பருக்கை விடாமல் அதை உண்டாள் இருசம்மாள். நடுவில் ரோஸ்மேரி, "போன் போட்டுத் தரட்டுமா? பேசறீங்களா?" என்று கேட்டாள்.

"வேணாம். அன்னிக்கு மூஞ்சியப் பாத்துப் பேசாம நின்னேன். மூஞ்சியப் பாத்துத்தான் பேசணும்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் வந்த வழியே திரும்பினாள். பாதையில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் கூச்சலிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தப் பாதை மிக நீளமாயிருந்தது.

வேலிகாத்தானை வெட்டினால் போதாது. பத்தாம் நாளே தூரிலிருந்து விரல் நீளத்துக்குத் துளிர்விடும். ஆகவே ஊர்க்கூட்டத்தில், ஏரிப்பாட்டைப் போலவே பாதைக்கும் பாடு வைப்பது என்று முடிவு செய்தார்கள். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு, அவரவர் துண்டை அவரவர் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஏரிப்பாட்டில் பெண்களின் பெயர் எழுதுவதில்லை. இதில் எழுத வேண்டும் என்று செவ்வந்தி எழுந்து சொன்னாள்.

"பொம்பளைங்க பேருல பாடா? எங்க காலத்துல..." என்று ஒருவர் தொடங்கினார்.

"உங்க காலத்துலதான் சேத்துல எறங்கினீங்க" என்றாள் அவள். சுப்பராயலு சீட்டுகளை எழுதச் சொல்லிவிட்டார்.

இருசம்மாள் சீட்டு எடுக்கவில்லை. பாதையின் கடைசித் துண்டு, லூர்துபுரத்தைத் தொடும் துண்டு, தனக்கு வேண்டும் என்றாள். ஏறத்தாழ இரண்டு மைல் நடந்துபோய்ச் செய்யவேண்டிய அதை வேறெவரும் விரும்பவில்லை, உடனே கொடுத்துவிட்டார்கள்.

"வூட்டாண்ட கீறத வுட்டுட்டு அந்தக் கோடிக்கு ஏம்மே போறே?" என்று முணுமுணுத்தான் ரங்கன்.

வாரம் இருமுறை அவள் போனாள். துளிரைக் கிள்ளினாள், தூரைக் கொத்தினாள். சில நாள் வேலை முடிந்தபின் தெருமுனைவரை போய், அங்கே சற்று நின்று, ஊருக்குள் போகாமல் திரும்பினாள்.

சித்திரையில் மோகனப்பிரியா வந்தபோது, வண்டியில்லாமல் நடந்தே வந்திருந்தாள். பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"பிலோமினாம்மா வைகாசித் திருநாளுக்கு ஊருக்கு வராங்களாம். ஒரு வாரம் இருப்பாங்களாம். ஆனா தனியா நடக்க முடியாதாம்மா. ஒரு ஆள் கைய புடிச்சினே இருக்கணுமாம். அவங்களாண்ட பாதை தெறந்துட்டாங்கன்னு ரோஸ்மேரி போன்ல சொல்லியிருக்கு. கொஞ்ச தூரமாச்சும் அதுல நடந்து பாக்கணும்னு பிராங்க்ளின்கிட்ட அடம் புடிக்கிறாங்களாம்."

அளவுமுள் ஏறியதா இறங்கியதா என்று இருசம்மாள் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு போய்த் தன் துண்டின் ஓரங்களை வெட்டத் தொடங்கினாள். அடுத்த நாளும் வெட்டினாள். மூன்றாம் நாள், சோறு கொண்டுவருகிற சாக்கில் ரங்கன் வந்தான். மற்ற இடமெல்லாம் ஓராள் நடக்கும் அளவே இருந்த பாதை, அங்கே மட்டும் இருபுறமும் விரிந்துகிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாமே, பஸ் வுடப் போறியா?"

"ரெண்டு பேரு கை புடிச்சினு நடக்கணும். ஒருத்தரு பின்னால ஒருத்தரு போவ முடியாது இனிமே."

ரங்கன் சோற்றுத் தூக்கை ஒரு கிளையில் மாட்டினான். பாதையை மேலும் கீழும் பார்த்தான்.

"ரெண்டு பேருன்னா எவ்ளோ அகலம்?"

"இங்க வா. பக்கத்துல நில்லு."

அவன் வந்து அவள் வலப்புறத்தில் நின்றான். அவள் அவன் கையைத் தன் கைக்குள் கோத்துப் பிடித்து, அவன் தோள் முடியும் இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு. அவ ஒன்ன வுட அகலம்."

"ஒடம்பு முடியாதவ. இப்ப எளைச்சிப் போயிருப்பாமே."

"இருக்கும். எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் இருசம்மாள். அரிவாளின் நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். "நான் பாத்த அளவுக்கே வெட்டு."